ஆறு பியூஸ் கட்டைகள்

விடிவதற்குள் நாற்பது விரிப்புகளைத் தேய்த்து மடித்தாக வேண்டும். விடுதிகளிலிருந்து வருகிற இரட்டைக் கட்டில் விரிப்புகள், உலர்த்தும் ட்ரம்மிலிருந்து லேசான ஈரத்தோடு மேஜையில் வந்து விழும். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி முகத்தில் அடிக்கும். உள்ளங்கையில் காய்ப்பு, முழங்கையில் சூட்டுத் தழும்பு, இடுப்பில் ஓயாத வலி. இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். எதிர்வீட்டுக் கொண்டைக்காரியின் மின்விசிறி.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அந்த விசிறியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

சலவைக் கடைக்குப் பின்னால் எதிரெதிராகத் தகரக் கூரை போட்ட ஆறு அறைகள். ஆறிலும் கடையில் வேலை செய்பவர்கள்தான். ஒவ்வொரு வாசலிலும் முதலாளி ஒரு சின்ன மீட்டரும் அதற்கொரு பியூஸ் கட்டையும் வைத்திருக்கிறார். வாடகையும் கரண்டுக் காசும் கூலியிலேயே போய்விடும். போன மாதம் பாய்லர் குழாய் வெடித்து என் வீட்டுக்காரருக்கு இரண்டு கால்களும் வெந்துபோயின. முதலாளி ஒரு களிம்பு வாங்கி அனுப்பினார், அதோடு சரி. "வியர்க்க விடாதீங்கம்மா, காத்து படணும்" என்றார் டாக்டர். எந்தக் காற்று? கரண்டுக்குப் பிடிக்கிற பிடித்தத்தில் அரைக் கூலி போய்விடுகிறது. பகலில் விசிறியை நிறுத்திவிட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எதிரே கொண்டைக்காரியின் விசிறி மட்டும் சுற்றோ சுற்றென்று சுற்றியது.

கூலி தருகிற அன்று முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்ல என்ன மில்லா ஓட்டுற? எதிர்வீட்டைப் பாரு. உன்னுதுல பாதிதான் வருது. அவ பொழைக்கத் தெரிஞ்சவ."

"பகல்ல ஃபேனே போடுறதில்லங்க முதலாளி."

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா? கூலியில பிடிச்சது போக மீதி பாக்கியைச் சனிக்கிழமைக்குள்ள கட்டு. இல்லன்னா பியூஸ் கட்டையைப் பிடுங்கிடுவேன்."

இந்த மிரட்டலை மூன்று வருடமாக எல்லாரும் கேட்கிறோம். ஆனால் இந்தத் தடவை கட்டிலில் கிடப்பவரை நினைத்தால் பயமாக இருந்தது. ராத்திரி ஓடுகிற கொஞ்ச நேர விசிறியும் போய்விடுமே.

சனிக்கிழமை காலை டீ நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். வாசலுக்கு வந்து பார்த்தால், கரண்டு ஓடினால் மட்டும் மினுக்குகிற மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேரே எதிர்வாசலில் போய் நின்றேன்.

"ஏன்டி, என் மீட்டர்ல கம்பியைச் சொருகிட்டு நீ காத்து வாங்குறியா?"

கொண்டைக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "நல்லாயிருக்கே நியாயம்! திருடுறது நீயா நானா? 'எதிர்வீட்டைப் பாரு, நோயாளியை வெச்சுக்கிட்டும் உன்னுதுல பாதிதான், அவ பொழைக்கத் தெரிஞ்சவ'ன்னு முதலாளி என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. உன்னை நெனச்சு நெனச்சு எனக்கு ஒரு வாரமா சோறு எறங்கல."

என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது!

"அப்ப ஏன்டி நாள் பூரா ஃபேன் ஓடுது?"

"போட்டாலும் ஏறுது, போடாட்டியும் ஏறுது. அப்புறம் நான் எதுக்கு வேகணும்?"

அவளை நான் நம்பவில்லை. அவளும் என்னை நம்பவில்லை. அதனால் வீடு மாறினோம். அவள் வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்து நான் எல்லாவற்றையும் அணைத்தேன். என் வீட்டை அவள் குடைந்தாள். வாசலுக்கு வந்து பார்த்தால், இரண்டு மீட்டரும் மினுக்குகின்றன.

"இன்னைக்கு வந்து பிடுங்குவாரு, பாரு" என்றாள்.

"அவர் என்ன பிடுங்குறது? நானே பிடுங்குறேன்!" ஆத்திரத்தில் என் பியூஸ் கட்டையை உருவினேன். விளக்கு அணைந்தது. அதே நொடியில் கடைக்குள்ளிருந்து ட்ரம் ஓட்டுகிற அண்ணன் கத்தினார்.

"யாரும்மா அங்க? ட்ரம்முல ஒரு ஹீட்டர் கம்பி அணைஞ்சு போச்சு!"

நானும் கொண்டைக்காரியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் ஓடிப்போய்த் தன்னுடையதை உருவினாள்.

"அட, ரெண்டாவதும் போச்சு!"

அந்த ட்ரம்முக்குள் ஆறு ஹீட்டர் கம்பிகள். எங்களுக்கு ஆறு அறைகள். மூன்று வருடமாகப் பிடுங்குகிறேன் பிடுங்குகிறேன் என்றவர் ஒருநாளும் ஏன் பிடுங்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பிடுங்கினால் அவருடைய ட்ரம் அல்லவா ஆறிப்போகும்! விடுதி விரிப்பெல்லாம் எங்கள் கூலியில் காய்ந்திருக்கிறது. ட்ரம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் எங்களைப் போல அந்த ஆறு அறைகளில் ஒரு அறைக்காரர்தான்.

கால் மணி நேரத்தில் ஆறு கட்டைகளும் இஸ்திரி மேஜைக்கு வந்துவிட்டன. ட்ரம் குளிர்ந்து நின்றது. முதலாளி வேகமாக வந்தார்.

"விளையாடுறீங்களா? சாயங்காலம் மூணு விடுதிக்கு அனுப்பணும்!"

"அனுப்புங்க முதலாளி. உங்க மீட்டர்ல காய வெச்சு அனுப்புங்க" என்றாள் கொண்டைக்காரி.

"ஆறு குடும்பத்தையும் வெளிய தள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?"

"தள்ளுங்க" என்றார் ட்ரம் அண்ணன். "சுவத்துக்குள்ள அந்த ஆறு வயர் எங்க போகுதுன்னு கரண்டு ஆபீஸ்காரங்க வந்து பாக்கட்டும்."

நானும் சொன்னேன். "பிடிச்ச காசு திரும்ப வரணும். எங்க பேர்ல தனி கனெக்ஷன் வேணும். இல்லாதவங்களுக்குன்னு கொறைஞ்ச ரேட்டு இருக்காமே, அது எங்க வாசலுக்கும் வரணும்."

முதலாளி என்னையே பார்த்தார். குரல் சட்டென்று இளகியது. "உன் புருஷன் நெலைமை எனக்குத் தெரியாதா? நீ மட்டும் உன் கட்டையை மாட்டு. இனிமே உனக்குக் கரண்டு ஓசி. ராப்பகலா ஃபேன் ஓடட்டும்."

பொய் சொல்ல மாட்டேன். என் கை மேஜையை நோக்கிப் போனது. அவர் புண்ணில் மொய்க்கும் ஈக்கள் கண்முன் வந்தன. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். கொண்டைக்காரியின் கண்ணில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்குத் தெரியாத பொறாமையா?

ஆனாலும் அவள் சொன்னாள். "எடுத்துக்கடி. அந்த மனுஷன் காலுக்குக் காத்து வேணும். நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

என் கட்டையை எடுத்தேன். அவள் கையில் திணித்தேன். "நீ வெச்சுக்க. என்கிட்ட இருந்தா மாட்டிடுவேன்."

அவள் தன்னுடையதை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள். "அப்ப என்னுது உன்கிட்ட இருக்கட்டும். எனக்கும் கை நிக்காது."

ஆறாம் அறைக்காரி தன்னுடையதை ட்ரம் அண்ணனிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொண்டாள். நான் கேட்காமலே, என் வீட்டுக்காரருக்கு விசிறிவிடப் போனாள். மற்ற இருவரும் மாற்றிக்கொண்டார்கள். ஒருவருடைய கட்டையும் அவரவர் கையில் இல்லை.

முதலாளி வாசலில் நின்று யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். விரிப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொண்டைக்காரியின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் என்னை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.