மிசஸ் ஆக்ராய்டின் கணப்புக்கு ஒரு கிளறுகோல்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பித்தளை செட்டை விற்க முடியாத எரிச்சலில் பிறந்த கதை இது. கணப்புக்கு வேண்டிய ஐந்து உருப்படி: நெருப்பைக் கிளறும் கோல், இடுக்கி, சாம்பல் கரண்டி, துடைப்பம், எல்லாவற்றையும் மாட்டிவைக்க ஒரு தாங்கி. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆந்தை. எங்கள் ஊரான ஓட்லியின் சந்தையில் என் கடையில் மூன்று வருஷமாக உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை முறைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிவிட வாயைத் திறந்த ஒரு சனிக்கிழமை, கேட்கக் கூடாத பேச்சு ஒன்று என் காதில் விழுந்தது. (சந்தைக்காரனுக்குக் கேட்கக் கூடாத பேச்சு என்று ஒன்று உண்டா என்பீர்கள். இல்லைதான்.)

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் திண்டாடினேன்.

நவம்பர் மழை ஒரு பழைய துக்கத்தைப் போல...

வேண்டாம். மழை மழையைப் போலத்தான் பெய்தது.

வினிஃப்ரெட் ஆக்ராய்டு தனிமையில் வாடிக்கொண்டிருந்...

பொய். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் வாடியிருந்தால் மூன்று தெருவுக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

ஆகவே இப்படி: குட்டையான மிசஸ் ஆக்ராய்டும் நெட்டையான மிஸ்டர் சக்டனும் கிளறுகோல் வாங்க வந்தார்கள்.

2.

அவர் விதவை. இவர் ஓய்வு பெற்ற ரயில் கார்டு (எங்கள் பக்கம் டிக்கெட் பார்ப்பதும் கார்டுதான்), எதிர் வீடு. ஞாயிறு தவறாமல் நாலு மணிக்கு அந்த அம்மாள் வீட்டில் தேநீர், கூடவே இஞ்சி கேக். வருகிற பிப்ரவரியோடு ஏழு வருஷம். இன்னும் ‘மிஸ்டர்’, ‘மிசஸ்’தான். நெருப்பு அணையப் போனால் சக்டன் கோலைத் தொட மாட்டார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, “நெருப்பு கொஞ்சம் களைச்ச மாதிரி தெரியுது, மிசஸ் ஆக்ராய்டு” என்பார். அவ்வளவுதான்.*

* ஏழு வருஷம் பழகாமல் அடுத்த வீட்டு நெருப்பைக் கிளறக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம். பாதிப்பேர் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். சக்டன் மீதிப் பாதி.

இப்போது சிக்கல், அன்று என் காதில் விழுந்ததும் இதுதான். கடலோரம் விட்பியில் இருக்கும் சக்டனின் மகள், அப்பாவுக்கு அறை ஒழித்து வைத்துவிட்டாள். மறுநாள் ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிற்றுக்குள் பதில் சொல்ல வேண்டும். மிசஸ் ஆக்ராய்டு “இருங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவார். சொல்லத்தான் ஆளில்லை.

3.

“பாருங்க கண்ணு, ஆந்தை. வீட்டுக்குக் காவலும் ஆச்சு” என்றேன்.

“முறைக்குது நார்மன்” என்றார் மிசஸ் ஆக்ராய்டு. “எங்க மாமியார் ஜாடை வேற. செத்தும் விடமாட்டேங்குதே அந்தம்மா.”

“இடுக்கி வேலைப்பாட்டைப் பாருங்களேன்.”

“செட்டுல வர்ற இடுக்கி என்னைக்குடா கரியைப் புடிச்சிருக்கு? நேரா கம்பளத்துலதான் போடும். துடைப்பம் என்ன, நைலானா? ஒரே வாரத்துல பொசுங்கிடும். எனக்குக் கோல் மட்டும் போதும். பழசு வளைஞ்சுபோச்சு.”

“எப்படி?”

“சாக்கடை மூடியை நெம்பினேன்.”

இரும்பில் அடித்த இரண்டு கோல்களை எடுத்து வைத்தேன். ஒரே கொல்லர் வேலை. இரண்டுக்கும் முறுக்கின பிடி, விறகைப் புரட்ட நுனியில் ஒரு கொக்கி. ஒன்று முழ நீளம். மற்றது ஒன்றரை முழத்துக்கு மேல்.

மிசஸ் ஆக்ராய்டு குட்டைக் கோலை விட்டுவிட்டு நீளமானதை எடுத்தார். கிளறிப் பார்ப்பதுபோல் பின்னால் இழுத்ததில் பிடி சக்டனின் வயிற்றில் இடித்தது.

“இது வாகா இருக்கு” என்றார்.

சக்டன் வயிற்றைத் தடவிக்கொண்டே, டிக்கெட் பார்க்கிற மாதிரி கோலை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்களுக்கு இது நீளம், மிசஸ் ஆக்ராய்டு. உங்க கணப்பும் ஆழமில்ல. இந்தக் குட்டைதான் உங்க கைக்குச் சரி.”

“என் கைக்கு.”

“ஆமா. ஒரு ஆளுக்கு இது தாராளம்.”

“ஒரு ஆளுக்கு” என்றார் அவர், என்னைப் பார்த்து. “குட்டையையே கட்டுடா, நார்மன்.”

சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். இருபது வருஷத்தில் அந்த அம்மாள் என்னிடம் பேரம் பேசாதது அன்றுதான். பேரம் பேசப் பிறந்தவர்கள் பேசாமல் போனால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். (முழு விலையையும் நான் வாங்கிக்கொண்டேன் என்பதை இங்கே மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, கவனியுங்கள்.)

4.

இந்த இடத்தில் எனக்கு சக்டன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை மட்டியான ஒருவரை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் மெருகேற்றிப் பார்த்தேன்:

சக்டனின் கண்ணோரத்தில் ஒரு துளி...

முப்பத்தைந்து வருஷம் டிக்கெட் இல்லாதவர்களின் சாக்குகளைக் கேட்டவர். துளியாவது ஒன்றாவது.

வேறு வழி: அவருக்கே விட்பி போக ஆசை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி எழுதி, கதை நன்றாகச் சோகமாகி, எனக்கே பெருமையாகக்கூட இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆள் தனியாக வந்து அதைக் கெடுத்தார்.

“அந்த நீளமானது இருக்கா?”

“இருக்கு. உங்க வீட்டுல கேஸ் ஹீட்டர்தானே இருக்கு? இது எதுக்கு?”

“பிப்ரவரி மூணு வரைக்கும் எடுத்து வைப்பியா?” ஆந்தைகளைப் பார்த்தபடி சொன்னார். “அன்னைக்கு ஏழு வருஷம் முடியுது. அவங்களுக்குக் குட்டை வாங்கியாச்சு. எனக்குன்னு ஒண்ணு கொண்டுபோனா, ஒரு கணப்புக்கு ரெண்டு ஆள், ரெண்டு கோல். கணக்கு சரியா வரும்.”

அட மனுஷா! “இதைச் சனிக்கிழமையே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?”

“அவங்க வீட்டு நெருப்பு, நார்மன். இருங்கன்னு அவங்கதான் சொல்லணும். நானா எப்படி?”

“பிப்ரவரி இருக்கட்டும். வர்ற ஞாயிறு மகளுக்கு என்ன சொல்வீங்க?”

“அவங்க வாயே தொறக்கலைன்னா போயிடுவேன். அப்ப இதை நீ வித்துக்க.” கையை நீட்டினார். “யாருக்குன்னு மூச்சு விடக் கூடாது. வாக்கு?”

“வாக்கு.”

கையில் அடித்துக் கொடுத்துவிட்டு, ‘விற்றாயிற்று’ என்று ஓர் அட்டையைக் கோலில் கட்டினேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக விலையில் பொய் சொல்லியிருக்கிறது. கையில் அடித்துக் கொடுத்ததில் சொன்னதில்லை.

5.

வெள்ளிக்கிழமை மிசஸ் ஆக்ராய்டு வந்தார்.

“அந்த நீளமானதை எடு.”

“உங்களுக்குத்தான் அது நீளமாச்சே?”

“கணப்பு ஆழமாயிடுச்சு.”

(ஆறு நாளில்.)

அட்டையைப் பார்த்துவிட்டார். “எந்த மூதேவி இதை வாங்கினது?”

“ஒரு... வாடிக்கைக்காரர்.”

“அவன் குடுக்கிறதுக்கு மேல குடுக்கறேன்.”

அவர் வாயிலிருந்து வரக்கூடிய காதல் வசனம் இவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். “என்ன அவ்வளவு அவசரம்?” என்றேன்.

“ஞாயிறு நாலு மணிக்குள்ள இது என் கணப்போரம் நிக்கணும். இம்மாம் நீளத்துக்கு யாருங்க கிளறப் போறாங்கன்னு ஒருத்தர் கேப்பாரு. கேட்டா சொல்லிடுவேன். மொட்டையா நானே ஆரம்பிக்க வராது நார்மன். பஸ்ஸை எடுன்னா எடுத்துடுவேன்.”

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வாக்கை மீறிச் சொல்லிவிடுகிறேன். கதை ஒரே வரியில் சுபம். ஆனால் அடுத்த செவ்வாய், சந்தையில் யார் என் கையில் கை அடிப்பார்?

வாய் திறக்காமல் இருக்கிறேன். ஞாயிறு கடக்கிறது. சக்டன் விட்பியில் கடலைப் பார்க்கிறார். பிப்ரவரியில் கோலை யாரோ லீட்ஸ்காரர் வாங்கிப்போகிறார். இதை எழுதினேன், திரும்பப் படித்தேன், கிழித்துப் போட்டேன்.

பெயர் சொல்லாமல் கோலை மட்டும் கொடுத்துவிடலாம். தான் சொல்லிவைத்த பொருள் அந்த அம்மாள் கணப்போரம் நிற்பதை சக்டன் பார்க்கட்டும். அழகான முடிவு. ஆனால் அவருக்கென்று கட்டிவைத்ததை அடுத்தவருக்கு விற்பதற்குப் பெயர் எங்கள் ஊரில் வேறு.

நான்காவதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். மிசஸ் ஆக்ராய்டு விடவில்லை. கோலின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில்.

“யாருக்குடா இது? பேரைச் சொல்லு, நானே போய்க் கேட்டுக்கறேன்.”

நான் கையடித்துக் கொடுத்தவன். என்னால் முடியாது. ஆனால் நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, பெயரும் உங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். பஸ் ஓட்டிய காது.