டென்னிஸ் மைதானத்துத் தண்ணீர்

1958ஆம் ஆண்டு கோடையில் நல்லமங்கலம் பஞ்சாயத்து தன் ஊழியர்களின் நலனுக்காக ஒரு டென்னிஸ் மைதானம் அமைத்தது. ஊழியர்கள் ஏழு பேர்; ஆளுக்கொரு மட்டையும் வாங்கியாயிற்று. ஆடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நிர்வாக அதிகாரி நல்லசிவம் மட்டும், மதுரையில் யாரோ ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருந்தார்.

சிவகாசியிலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த அந்த ஊரில் கிணறுகள் வற்றிக் கிடந்தன. இரண்டு மைலுக்கு அப்பாலிருந்த தோட்டத்துக் கிணற்றிலிருந்து சங்கிலிமுத்துவின் மாட்டுவண்டிதான் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவரும். நனைக்காவிட்டால் மைதானத்து மண்தரை வெடித்துவிடும் என்று காலையும் மாலையும் ஒவ்வொரு நடை அங்கே போனது. பஞ்சாயத்தின் பிரசவ விடுதிக்கு இரண்டு நாளைக்கு ஒரு நடை.

விடுதியின் நர்ஸ் பாக்கியவதி மூன்று மனு எழுதிப் போட்டாள். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கத்தாய்க்குக் குழந்தை பிறந்தது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடிக்க ஆற வைத்திருந்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிள்ளையைத் துடைத்தாள் பாக்கியவதி.

"எனக்குத் தாகமே இல்ல சிஸ்டர்" என்றாள் தங்கத்தாய். அவள் உதடு வெடித்திருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பாக்கியவதி ஓடிப்போய் மறித்தாள்.

"அண்ணே, ரெண்டு குடம் ஊத்திட்டுப் போங்க."

"ஊத்துனா என் சீட்டுக் கிளிஞ்சிரும் சிஸ்டர். மைதானத்துலதான் ஊத்தணும்னு ஆர்டர்."

"மைதானத்துல எங்கன ஊத்தணும்னு போட்டிருக்கா?"

சங்கிலிமுத்து மாட்டைப் பார்த்தபடி யோசித்தார். "அது போடல."

விடுதி ஆயாவைத் தங்கத்தாய்க்குக் காவல் வைத்துவிட்டு, இரண்டு நாள் அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டி, அண்டாவையும் ஒரு குடத்தையும் எடுத்துக்கொண்டு பாக்கியவதி வண்டிக்குப் பின்னால் நடந்தாள். மைதானத்தின் நடுவில் அண்டாவை வைத்தாள். சங்கிலிமுத்து அதில் ஊற்றினார். முதலில் ஒரு குடம் மொண்டு அவரிடமே விடுதிக்குக் கொடுத்தனுப்பினாள். மீதியில் துணியை அலசி, அழுக்குத் தண்ணீரைத் தரையிலேயே கவிழ்த்தாள். தரையும் நனைந்தது. உலர்த்த வேறு இடம் இல்லாததால் நடுவில் கட்டியிருந்த வலையில் துணிகளை வரிசையாகப் போட்டாள். வேலை போய்விடுமே என்று ஒருமுறை பாதையைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கடைசித் துணியையும் போட்டு முடித்தாள்.

அப்போதுதான் நல்லசிவம் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு வந்தார். மைதானத்தைக் காட்டுவதற்காக, ஆய்வுக்கு வந்திருந்த மேலதிகாரி ரத்தினசாமியையும் அழைத்து வந்திருந்தார்.

"என்னம்மா இது?"

"துணி காயுது சார்."

"இங்கனயா?"

"தண்ணி இங்கனதானே சார் வருது."

ரத்தினசாமி வலை நெடுகப் பார்த்தார். "மாசம் எத்தனை பிரசவம் ஆகும்?"

"இருபதுக்குக் குறையாது சார்."

அவர் நல்லசிவத்தின் பக்கம் திரும்பினார். "மாசம் எத்தனை ஆட்டம் ஆடுவீக?"

"இன்னும் பந்து வரலீங்க. மெட்ராஸுக்கு ஆர்டர் போயிருக்கு."

ரத்தினசாமி குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதினார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பிரசவ விடுதிக்குத் தினமும் ஒரு நடை தண்ணீர் விட வேண்டும். மைதானத்தில் யாரும் துணி உலர்த்தாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு காவல்காரரை நியமிக்க வேண்டும். அவரும் ஊழியரே ஆதலால் எட்டாவது மட்டை ஒன்று வாங்கவும் அனுமதி இருந்தது.

பாக்கியவதிக்குத் தனியாக ஒரு மெமோ. பஞ்சாயத்துச் சொத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதை மேசை டிராயரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று காலை பிறந்த பெண் குழந்தையைத் தண்ணீர் மாற்றி இரண்டு முறை குளிப்பாட்டினாள். குழந்தை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றாவது முறை ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள்.