மாத்திரையை நிறுத்திய பிறகு

நாத்தனார் கார்த்திகாவின் புது வீட்டுக்குத் திருவேற்காட்டில் கிரகப்பிரவேசம். பார்த்துப் பார்த்து அந்த நாளில்தான் எனக்கு மாதவிலக்கு வரவேண்டியிருந்தது. மாமியார் புஷ்பா, தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கி வந்து என் கையில் திணித்தார். நல்ல காரியத்தில் அண்ணிக்காரி ஓரமாக உட்கார்ந்திருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். பேசாமல் விழுங்கினேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் சொன்ன எதைத்தான் விழுங்காமல் விட்டேன்?

பால் காய்ச்சிய மறுநாளே என் கணவர் ஸ்ரீராமை ஆவடித் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்கென்று வடக்கே அனுப்பிவிட்டார்கள். மாமியாரும் மகளோடு புது வீட்டிலேயே தங்கிவிட, அண்ணனூர் வீட்டில் நானும் மிக்ஸியும்தான். அதை ஓட்டினால் உண்டு சத்தம்.

மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. போனில் சொன்னதற்கு, "மாத்திரை போட்டல்ல, அதான். நீயா எதுனா நினைச்சிக்கினு அழாத" என்றார் ஸ்ரீராம். எரிச்சலாக வந்தது. ஆனால் அவரையும் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் நாள் தள்ளுவதற்குள்ளேயே கர்ப்பமா என்று பார்க்கும் கிட் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கோட்டோடு குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்தானே நான்.

இந்த முறை அவசரப்படவில்லை. மருந்துக்கடை சபீனா, "நிறுத்தி ஒரு வாரம் தாண்டட்டும்க்கா. காலையில எழுந்ததும் மொத தபா போறதுல பாருங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க யாருக்கும் போன் செய்யவில்லை. வாயைத் திறந்தால் ஆசை தெரிந்துவிடும் என்று பயம்.

இன்று காலை பார்த்தேன். இரண்டு கோடு. இரண்டாவது கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது, ஆனால் இருந்தது. ஸ்ரீராமைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். வகுப்பில் இருப்பார். கூடத்துக்கும் சமையலறைக்கும் சும்மா நடந்தேன். இவ்வளவு சந்தோஷத்தைச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று அழுகையாக வந்தது. அப்போதுதான் அந்த மாத்திரை உறைத்தது. உள்ளே இது இருக்கும்போதா அத்தனையையும் விழுங்கினேன்?

மாமியார் போன் அடித்தார்.

"இன்னாடி, வந்துச்சா?"

"இல்ல அத்தை. டெஸ்ட் பண்ணேன். ரெண்டு கோடு காட்டுது."

 

"ஐயோ, நான்தானேடி மாத்திரைய குடுத்தேன்." அவருக்குக் குரல் உடைந்துபோயிற்று. "இருக்குமான்னு உன்ன ஒரு வார்த்த கேட்டனா? எனக்குத் தோணவே இல்லியேடி."

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"எனக்கே தோணலியே அத்தை," என்றேன். "கெளம்பி வாங்க. டாக்டர்கிட்ட போகணும். தனியா போக பயமா இருக்கு."