சாம்பலுக்கடியில் காட்டு நெல்

1966இல் மாத்தளைப் பக்கத்து வயல்களில் நெல் இலைகள் நுனியிலிருந்து கருகிச் சுருண்டன. அலுவிகாரைக்கு அருகே ஒரு சிறிய நெற்பண்ணையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தாள் றஸ்மியா. குளத்தோரம் களையாக மண்டிய காட்டு நெல்லை மட்டும் அந்த நோய் தொடவில்லை என்பது அவள் கண்ணில் பட்டது. அதன் மகரந்தத்தை வயல் நெல்லின் பூவில் சேர்த்தாள். கிடைத்த விதையை அடுத்த போகத்தில் நட்டு, வளர்ந்த செடிகள்மேல் நோய்க்கிருமி கலந்த தண்ணீரைத் தெளித்தாள்.

ஒரு செடிகூடத் தப்பவில்லை. கதிர் முற்றும் நேரத்தில் பாத்தி முழுக்க வைக்கோல் நிறம்.

"என்னா மிஸ், எல்லாம் போச்சே!" என்றார் பண்ணைத் தொழிலாளி அழகமுத்து.

றஸ்மியா கருகிய ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்தாள். காட்டு நெல்லின் பிள்ளைகளுக்கா இந்தக் கதி?

"புடுங்கி எரிச்சிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உக்குவளையில் இருந்த வீட்டுக்குப் போக பஸ் ஏறினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒரு குழந்தை. அதற்குப் பூனைக்கண். தாயின் கண்களோ கன்னங்கரேல்.

"பிள்ளைக்கு வாப்பாட கண்ணா?" என்று தகப்பனை நினைத்துக் கேட்டாள் றஸ்மியா.

"இல்ல, அவருக்கும் கறுப்புத்தான். என்ட வாப்பாக்கும் அவர்ட உம்மாக்கும் இந்தக் கண். அவங்க கூடப்பிறந்தவங்க. எங்க ரெண்டு பேரையும் உட்டுட்டு இவளுக்கு வந்திருக்கு."

றஸ்மியா குழந்தையின் கண்ணையே பார்த்தாள். தாய்க்குள்ளும் தகப்பனுக்குள்ளும் மறைந்திருந்து, இரண்டும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அந்தக் கண் வெளியே தெரிந்திருக்கிறது. காட்டு நெல்லின் எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தானோ? கருகிய செடிகளுக்குள் அது பாதியாக ஒளிந்திருந்தால், தன் மகரந்தத்தாலேயே கருவுறும் அவற்றின் விதைகள் சிலவற்றில் இரண்டு பாதியும் சேர்ந்து அல்லவா வெளிப்படும்!

"நிப்பாட்டுங்க! எறங்கோணும்!"

எதிரே வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு திரும்பினாள். பண்ணை வாசலிலேயே புகை நாற்றம். பாத்தியின் நடுவில் சாம்பல் குவியல். பக்கத்தில் அழகமுத்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"கதிரெல்லாம்?"

"நீங்கதானே மிஸ் எரிக்கச் சொன்னீங்க?"

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கையூன்றி எழுந்தபோது உள்ளங்கையில் ஏதோ குத்தியது. கறுத்த நெல்மணி, நீண்ட கூரோடு. பக்கத்தில் இன்னொன்று. முற்றியதும் மணியை உதிர்த்துவிடுவது காட்டு நெல்லின் குணம். உழவர்கள் அதைத் திட்டுவதே அதற்காகத்தான். பிடுங்குவதற்கு முன்பே இந்தச் செடிகளும் உதிர்த்திருந்தன.

இருட்டும்வரை இருவரும் குனிந்து பொறுக்கினார்கள்.

அடுத்த போகத்தில் அந்த விதையிலிருந்து வந்த செடிகளுக்கும் அதே கிருமியைத் தெளித்தாள். பெரும்பாலானவை கருகின. ஆனால் அவற்றுக்கிடையே, ஏறத்தாழ நாலுக்கு ஒன்று, புள்ளிகூட விழாமல் பச்சைப் பசேலென்று நின்றது.

அழகமுத்து வாயைத் திறந்தபடி பார்த்தார். "இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலயே, மிஸ்!"

றஸ்மியா ஓர் இலையைத் தொட்டாள்.

"இதையா எரிக்கச் சொன்னேன், அல்லாஹ்!" என்றாள்.