நடனத் தளம் கெட்ட கதை

எங்கள் ஊர்க்கூடம் இசையரங்காக மாறியபோது, திறப்பு விழாவில் அதன் வரலாற்றை வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருபத்தாறு வருடம் கூடத்தின் செயலாளராக இருந்தவன் நான். வேறு யாரைக் கேட்பார்கள்?

1906இல் விவசாயிகள் ஆளுக்கொரு வண்டி செங்கல் கொண்டுவந்து கட்டியது, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சிப்பாய்கள் வைக்கோல் பரப்பிப் படுத்தது, வெள்ளிவிழாக்கள், பன்றி வறுவல் விருந்துகள் என்று கடகடவென எழுதிக்கொண்டு வந்தேன். 1979இல் கை நின்றுவிட்டது.

அந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நடனம். அஸ்கர் அக்கார்டியன் வாசித்தான். அவன் வாசிக்காமல் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணமே நடக்காது. நடனம் முடிந்ததும் தண்ணீர் வால்வை மூடிக் குழாயை வடிக்க வேண்டியது செயலாளரான என் வேலை. குளிருக்குச் சோம்பல்பட்டு, வாத்தியத்தைக் கட்டிக்கொண்டிருந்த அஸ்கரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வால்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவே குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தது. மரத்தளம் முழுக்க ஊறிப் புடைத்துக்கொண்டது.

கமிட்டி விசாரித்தபோது, "கடைசியா கிளம்பினது அஸ்கர்தான்" என்றேன். அது பொய்யில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டதுதான் பொய். அதன் பிறகு அஸ்கரை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. அவன் பால் பண்ணை வேலையோடு ஒடுங்கிப்போனான்.

திறப்பு விழா ஞாயிறு மதியம். காபியும் கேக்கும் முடிந்து மேடையேறினேன். "1979இல் தண்ணீர்க் கசிவால் தளம் சேதமடைந்தது" என்று ஒரே வரியில் எழுதிவைத்திருந்தேன். அதை வாசித்து நிமிர்ந்தால், மூன்றாவது வரிசையில் அஸ்கர். எண்பத்தொரு வயது. கைத்தடிமேல் இரண்டு கையையும் ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வால்வை மூடாம போனது நான்தான்" என்றேன். "அஸ்கருக்கு இதுல சம்பந்தமே இல்லை. இவ்வளவு காலம் நான் சொல்லலை."

கூடம் அதிரும் என்று நினைத்தேன். பேக்கரி யூட்டே மட்டும் கையை ஆட்டினாள். "அட, அது எங்களுக்குத் தெரியாதா, டோர்கில்? வால்வு உன் வேலைன்னு ஊருக்கே தெரியும். அடுத்த பக்கத்தைப் படி, பாட்டுக்காரங்க காத்திருக்காங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. அப்போது அஸ்கர் எழுந்தான்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று யூட்டேவைக் கேட்டான். "அப்போ என்னை ஏன் ஒருத்தரும் கூப்பிடலை?"

சிரிப்பு அறுந்தது. யூட்டே காலிக் காபிக் கோப்பைக்குள் பார்த்தாள். "அது... அப்படியே விட்டுப்போச்சு, அஸ்கர். டோர்கிலோட யாரு மல்லுக்கு நிக்கறதுன்னு..." முடிக்கவில்லை. அஸ்கர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். யாருக்கும் அவனைத் தடுக்கத் துணிவில்லை. எனக்கும்தான்.

செவ்வாயன்று திருத்திய பக்கத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். நடந்தது அத்தனையும், ஊர் வாய்மூடி இருந்ததையும் சேர்த்து எழுதியிருந்தேன். வாசலில் நின்றபடியே படித்தான். உள்ளே கூப்பிடவில்லை.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு இதுல எழுதிடாதே" என்றான்.

"எழுதலை."

"சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினான்.

அந்தப் பக்கம் இப்போது அரங்கின் முன்கூடத்தில், கோட்டு மாட்டுமிடத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெளியூர்க்காரர்கள் நின்று படிக்கிறார்கள். நாங்கள் மட்டும் அந்த இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடந்து போகிறோம்.