நெஞ்சைக் கொத்தும் பறவை

பீடத்துக்குப் பின்னால் தொங்கவிட வெல்வெட்டில் ஒரு பதாகை வேண்டும் என்று ஃபாதர் கேட்டபோது தையல்காரி மறுத்திருக்கலாம். மனசு வரவில்லை. ஆட்டுக்குட்டி, புறா, மீன், நங்கூரம் என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்டதையெல்லாம் கோயிலுக்குத் தைத்துக் கொடுத்தவள். இந்த முறை கூழைக்கடாப் பறவை.

"பஞ்சம் வந்தா அது தன் நெஞ்சையே கொத்தி, குஞ்சுங்களுக்கு ரத்தம் குடுக்கும்னு அந்தக் காலத்துல நம்புனாங்கம்மா. அதனாலதான் இயேசுவுக்கு அடையாளம்," என்றார் ஃபாதர். யோசனை சொன்னது கோயில் கமிட்டியில் இருக்கும் அவள் தம்பியாம்.

அம்மா படுத்த படுக்கையாகி நாலு வருஷம். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒரு புரட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைத்த நேரத்தில் தைத்தாள். சிறகுக்கு வெள்ளை சாட்டின், கூட்டுக்குப் பழுப்புக் கம்பளி நூல். மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நெஞ்சில் ரத்தத்துளிகள்தான் பாக்கி. சிவப்பு நூலைக் கோத்தவள் ஊசியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஓடிப்போய், ஃபாதரின் மேஜையில் பதாகையை விரித்தாள்.

"பிரமாதம்மா! ரத்தம் எங்கே?"

"அத மட்டும் வேற யாரையாவது தைக்கச் சொல்லுங்க ஃபாதர்."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

பறவையின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "ஒண்ணு கேக்கவா? அந்தத் தாய்ப் பறவைக்கு யாரு சாப்பாடு போடுவா?"

ஃபாதர் பதாகையை மெல்ல மடித்து வைத்தார். "தம்பி கடைசியா எப்பம்மா வீட்டுக்கு வந்தான்?"

"மூணு தெரு தள்ளித்தான் இருக்கான் ஃபாதர். அவனுக்கு வேலை ஜாஸ்தி." தம்பிக்காகச் சப்பைக்கட்டு கட்டியதும் அவளேதான்.

சனிக்கிழமை மதியம் தம்பி வாசலில் நின்றான். ஃபாதர் என்ன சொன்னாரோ, முகம் தொங்கிப்போயிருந்தது.

"இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை அம்மாவ நான் பாத்துக்குறேன்க்கா."

"எத்தன வாரத்துக்குடா?"

"திட்டணும்னா திட்டிக்கோ."

திட்டக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து அம்மாவை எப்படிப் புரட்டுவது என்று காட்டிக்கொடுத்தாள்.

"யாரு இது, விருந்தாளியா?" என்றாள் அம்மா. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த ரத்தத்துளிய ஃபாதரே தைச்சுட்டாருக்கா," என்றான் பேச்சை மாற்ற. "கோணலும் மாணலுமா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

சமையலறைத் தரையில் போர்வையை விரித்துச் சாய்ந்தாள். எலும்பெல்லாம் கழன்று விழுவதுபோல் இருந்தது. கண் செருகும் நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அப்பிடியில்லடா தடியா, முதல்ல தலைகாணிய எடு!"

பழக்கதோஷத்தில் எழப்போனாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.