இடது கை

பிரகதீஸ்வரியின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அரிமளத்து மண்டபத்தில், தங்கை ரஞ்சிதாவின் நிச்சயதார்த்தச் சபையில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். மடியில் போன். தொடையில் விரல்கள் ஏழு தட்டின, ஐந்து தட்டின, மறுபடி ஏழு தட்டின.

ஜெர்மனியில் இசைக்குழுக்களை நடத்துவது அவள் தொழில். ஒரு வாத்தியத்தையும் தொடமாட்டாள். எழுபது பேருக்கு முன்னால் நின்று வலது கையால் காலம் காட்டுவாள், இடது கையால் அவர்களை எழுப்புவாள், அடக்குவாள். அதுவும் இன்றைக்கு உயிரோடிருப்பவர்கள் எழுதுகிற புத்தம்புது இசை. முணுமுணுக்க ஒரு மெட்டு கிடைக்காது; ஏழும் ஐந்துமாக மாறிக்கொண்டே இருக்கும் தாளக் கணக்குதான் மிஞ்சும். அப்பா சிவசாமி "ஆர்கெஸ்ட்ரா" என்று பெருமையாகச் சொல்லப்போக, திருவிழாவுக்கு வருவார்களா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

முந்தின நாள் இரவு, அவளுக்குக் கச்சேரி பிடித்துத்தரும் ஏஜெண்ட் பேசியிருந்தார். பெரிய குழு ஒன்றின் நடத்துநர் நோயில் விழுந்துவிட்டார். சனிக்கிழமை ஒரு புதுப் படைப்பின் முதல் அரங்கேற்றம். குழுவைக் கேட்டுக்கொண்டு மறுநாள் இந்திய நேரம் பன்னிரண்டு மணிக்குள் மறுபடி கூப்பிடுவதாகவும், அவள் எடுக்காவிட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். இந்தத் தொழிலில் யாராவது நோயில் படுத்தால்தான் பெரிய கதவு திறக்கும். இப்படி ஒரு அழைப்புக்காகத்தான் அவள் இத்தனை வருஷமாக ஊர் ஊராக அலைந்தாள்.

இங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா ஆத்மநாதன் ஒரே பிடியாக நின்றார். மூத்தவள் கல்யாணமாகாமல் இருக்க இளையவளுக்கு முடிப்பதால், மூத்தவளே சபையில் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதாம். அவ்வளவு கறாரான மனுஷர், வேனில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும்.

ஒருவழியாகத் தட்டுகளை வைத்தார்கள். பிள்ளைகளின் கூச்சல், பந்திக் கூடத்தில் பாத்திரச் சத்தம். ஆத்மநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னம்மா, ஒனக்கு முழுச் சம்மதந்தானே?"

அதே நேரத்தில் மடியில் போன் அதிர்ந்தது. ஒத்திகையில் இரைச்சலை அடக்குகிற பழக்கத்தில், அவளுடைய இடது கை உள்ளங்கை தெரிய மேலே எழுந்தது.

மண்டபம் அடங்கிப்போனது. எந்தக் குழுவும் அவளுக்கு அப்படி அடங்கியதில்லை. ஆத்மநாதன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். சிவசாமியின் முகம் செத்துவிட்டது. தலைகுனிந்திருந்த ரஞ்சிதா நிமிர்ந்து அக்காளைப் பார்த்தாள். சம்மதம் கேட்டவருக்கு வேண்டாம் என்று கை காட்டியதுபோல் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் பிரகதீஸ்வரிக்கு உறைத்தது.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. சத்தத்தை அடக்கத்தான் கையைத் தூக்கினேன். போன் வந்துச்சு."

உண்மைதான். ஆனால் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான உண்மை என்று பட்டது. தங்கையின் வாழ்க்கையைக் கேட்கிறார்கள், இவளுக்குப் போன் முக்கியம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிர்ந்துகொண்டிருந்த போனைப் பாயில் கவிழ்த்து வைத்தாள்.

ரஞ்சிதா எழுந்து வந்து அதை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"பேசிட்டு வாக்கா. இதுக்கு நீ எவ்வளவு தவிச்சேன்னு எனக்குத் தெரியும். அதுவரைக்கும் நாங்க காத்திருக்கோம்."

தூணோரம் போய் நின்று பேசினாள். பேச்சு சீக்கிரம் முடிந்தது; சனிக்கிழமை மேடை அவளுக்குத்தான். திரும்பி வந்து, சபையைப் பார்த்து, "எனக்கு முழுச் சம்மதம்" என்றாள். ஆத்மநாதன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிவிட்டார்கள். கல்யாணம் ஆவணியில் என்று லக்னப் பத்திரிகை வாசித்தார்கள்.

பந்தியில் பாதி இலையோடு எழுந்தாள். திருச்சி விமான நிலையத்துக்குக் கார் காத்திருந்தது. ரஞ்சிதா வாசல்வரை வந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆவணியில வந்துருவேல்லக்கா?"

வாரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கல்யாண வாரத்தில் எந்த ஊரில் எந்த நடத்துநர் நோயில் படுப்பாரோ, யார் கண்டது. ரஞ்சிதாவின் பிடிக்குள்ளேயே விரல்கள் ஏழு தட்டிக்கொண்டிருந்தன. ரஞ்சிதா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, கார் கதவைத் திறந்துவிட்டாள்.